முழு உரிமை யாருக்கு?

கம்பெனி கம்ப்யூட்டர்களின் பொது டிரைவில் எந்த ஃபோல்டரை யார் திறக்கலாம் என்று அனுமதி போடும் வேலை, கல்யாணப் பந்தியில் பரிமாறுவது மாதிரி: யார் இலையில் வைத்தாலும் பக்கத்து இலைக்காரர் முறைப்பார். ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்று திரையில் பார்த்து நொந்தவர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியின் சிஸ்டம் பிரிவில் இருக்கிறேன். வயது பத்தொன்பது. யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவேன். அதற்கு மட்டும் யாரிடமும் அனுமதி வாங்கியதில்லை.

பார்த்தால் போதாதா?

சேம்பிள் செக்‌ஷன் பழனிசாமி அண்ணன் ஒருநாள் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். டிசைன் ஃபோல்டரில், ஆர்டர் பார்க்கும் மெர்ச்சண்டைசர் சிவாவுக்குத் திருத்தும் அனுமதி. அண்ணனுக்குப் படிக்க மட்டும். “அந்தப் பையன் மட்டும் என்னுங்க ஒசத்தி?” என்றார். அவர் அதை ஒருமுறைகூடத் திறந்ததில்லை என்று எடுத்துச் சொன்னேன்.

“தொறக்கவே மாட்டனுங் கண்ணு. ஆனா தொறக்காம இருக்கறது என்ற இஷ்டமா இருக்கோணுமில்ல?”

இரண்டு மேனேஜர்

அண்ணனைப் போலவே பேசிக்காட்டி இரண்டு நாள் எல்லோரையும் சிரிக்கவைத்தேன். அதற்குள் அதே வியாதி எனக்கும் வந்துவிட்டது. நித்யா எனக்கு ஆறு மாதம் பின்னால் சேர்ந்தவள்; திருநெல்வேலிப் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்த குடும்பம். எதற்கெடுத்தாலும் மேனேஜர், ‘நித்யாவைக் கேளுங்க’ என்பார். எனக்கு வயிறு எரியும். போதாததற்கு ஒரு குண்டும் போட்டார்: அடுத்த மாதத்திலிருந்து டிரைவின் முழு உரிமை ஒருவர் கையில்தான், இன்னொருவர் பிரிண்டர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கீழ்த்தளம் போய் இன்டர்காமில் மேனேஜர் குரலை எடுத்துவிட்டேன். “நித்யா கண்ணு, முழு உரிமைய நம்ம பையனுக்கே உட்டுக் குடுத்துருங்க சாமி.”

“சரிங்க சார். என் எதிர்ல உக்காந்து டீ குடிக்கிற சார்கிட்டயும் இதைச் சொல்லிரட்டுமா?”

பூட்டியவன் பட்ட பாடு

விட்டேனா? மறுநாள் அளவுச் சீட்டு ஃபோல்டரில் கைவைத்தேன். கட்டிங் டேபிளில் விரித்த துணியை எந்த அளவுக்கு வெட்டுவது என்பது அதில்தான் இருக்கும். ‘எல்லோரும்’ என்பதற்குத் தடை. என் பெயருக்கு மட்டும் முழு அனுமதி. ஊரே தவிக்கும்போது நான் போய்த் திறந்துவைத்துப் பெயர் வாங்குவதாகத் திட்டம். அந்த எல்லோரில் நானும் உண்டு, தடை எப்போதும் அனுமதியை அமுக்கிவிடும் என்பதெல்லாம் பொறாமையில் ஞாபகம் வரவில்லை. கட்டிங் நின்றது. கட்டிங் மாஸ்டர் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வந்து நின்றார். மேனேஜர் பார்க்க, நான் ஸ்டைலாகத் தட்டினேன். எனக்கும் அனுமதி இல்லை!

அந்த ஃபோல்டரை உருவாக்கியவள் நித்யா. உருவாக்கியவர் எந்தத் தடையையும் நீக்கலாம். இரண்டே நிமிடத்தில் திறந்துவிட்டு, “சின்ன சர்வர் கோளாறு சார்” என்றாள். முழு உரிமை யாருக்கு என்று மேனேஜர் நின்ற இடத்திலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் போனபின், பட்டியலில் தனியாக நின்ற என் பெயரை விரலால் தட்டிக் காட்டினாள்.

“எல்லாரையும் தடுத்தா நீயும்லா மாட்டுவ? பொறாமப்படுததையாவது ஒழுங்காப் படக்கூடாதா?”

இப்போது கம்பெனியின் ஆறு பிரிண்டருக்கும் முழு உரிமை எனக்குத்தான். அதைப் பார்த்து ஒரே ஒருவர்கூட என்மேல் பொறாமைப்படவில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை.