ஜெயன் கண்ட வெள்ளைக் கோடு

ராகேலுக்குத் தன் கணவனோடு ஒரே ஒரு வழக்குதான் இருந்தது. அது தீர்வதற்குள் அவன் போய்விட்டான்.

ஜெயன் தம்பானூர் ரயில் நிலையத்தை ஒட்டிய தபால் பிரிப்பு அலுவலகத்தில் வேலை பார்த்தவன். மூட்டை மூட்டையாக வந்து விழும் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்த ரயிலுக்கான பைகளில் சேர்ப்பது அவன் வேலை. வேலை முடிந்தால் மற்றவர்களைப் போல வீட்டுக்கு வரமாட்டான். ஊழியர் குடியிருப்புக்குப் பின்னால், பாசி படிந்த மதில்களுக்கு நடுவே ஒரு சிமெண்ட் தளம் இருந்தது. அங்கே டென்னிஸ் ஆடப் போய்விடுவான். கரமனைப் பாலத்துக்கு அக்கரையில் இருந்த வாடகை வீட்டில் ராகேல் மீன்குழம்பைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டு காத்திருப்பாள். நன்றாக இருட்டிய பிறகு வருவான். சட்டை உடம்போடு ஒட்டியிருக்கும். முகம் மட்டும் அன்றைக்குத்தான் ஞானஸ்நானம் வாங்கியவன் முகம் போல இருக்கும். அந்த முகம்தான் அவளை எரித்தது.

“அங்க அப்படி என்னதான் இருக்கு?” என்று ஒருநாள் கேட்டாள்.

“பந்து நிக்கும், ராகேல்.”

“பந்து நிக்குமா?”

“கிட்ட வரும்போ ஒரு நொடி அப்படியே நிக்கும். அதுமேல வெள்ளையா ஒரு கோடு வளைஞ்சு போகும்லா, அதுகூடத் தெரியும். அந்நேரம் உலகத்துல வேற ஒண்ணும் கெடையாது.”

“நானும் கெடையாதா?”

அவன் சிரித்தான். “நீ ஒருநாள் வந்து பாரேன்.”

“பறந்து போற பந்து நிக்குமாம், கோடு தெரியுமாம். ஆருகிட்ட கதை விடுதீங்க?”

அவள் போகவில்லை. ஒரு பந்தின் மேலுள்ள கோட்டுக்காக எந்த மனிதனாவது தினமும் வீட்டை மறப்பானா? வேறு ஏதோ இருக்கிறது, வேறு யாரோ இருக்கிறார்கள் என்று அவள் மனம் முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. கேட்டுவிட அவளுக்குத் தைரியம் வரவில்லை. கேட்டிருந்தாலும் அவன் மறுபடி பந்தைப் பற்றித்தான் சொல்லியிருப்பான்.

அந்த வருடம் மழைக்காலத்தில் நகரமெங்கும் எலிக்காய்ச்சல் பரவியது. முழங்கால் தண்ணீரில் நடந்து வேலைக்குப் போன ஜெயன் காய்ச்சலோடு திரும்பினான். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. பாறசாலையில் அவன் குடும்பத்துச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அவனை வைத்துவிட்டு வந்தார்கள். ராகேலுக்கு அப்போது முப்பது வயதுகூட நிறையவில்லை.

அவன் இருந்த அலுவலகத்திலேயே அவளுக்கு வாரிசு வேலை கிடைத்தது. சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்த மர அலமாரியின் முன்னால் அவளை உட்காரவைத்தார்கள். ஒவ்வொரு அறைக்கும் ஓர் ஊர். கடிதத்தை எடுக்க வேண்டும், விலாசத்தைப் பார்க்க வேண்டும், உரிய அறையில் எறிய வேண்டும். முதலில் திணறினாள். அப்புறம் அந்த வேலையின் சூட்சுமம் பிடிபட்டது. கடிதம் கையில் இருக்கும்போதே கண் அறைக்குப் போய்விட வேண்டும். கையை நம்பிவிட வேண்டும். கை எறிந்து முடிப்பதற்குள் கண் திரும்பி அடுத்த விலாசத்துக்கு வந்திருக்க வேண்டும். வருடம் திரும்புவதற்குள் அவளைப் போல வேகமாகப் பிரிப்பவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை என்று பேர் வாங்கினாள்.

ஒருநாள் வேலாயுதன் அவளைத் தேடி வந்தார். ஜெயனோடு ஜோடி சேர்ந்து ஆடியவர், அதே இலாகாவில் குமாஸ்தா. ஊழியர் மன்றத்து அலமாரியில் கிடந்த ஜெயனின் மட்டையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். அதை வாங்கிக்கொண்ட ராகேல், இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

“அண்ணா, நீங்க நேரா ஒண்ணு சொல்லணும். அவரு தினமும் அங்கதான் வந்தாரா?”

வேலாயுதன் திகைத்துப்போனார். “பின்ன வேற எங்க போவான்? நாங்க எல்லாரும் போன பொறவும் தனியா நின்னு மதில்ல அடிச்சோண்டு இருப்பான். அங்க வெளக்குகூடக் கெடையாது.”

“பந்து நிக்கும்னு சொல்லுவாரு.”

“என்கிட்டயும் பறஞ்சிருக்கான்.”

“நிக்குமா?”

“எனக்கு இதுவரை நின்னதில்ல, தங்கச்சி. இத்தனை வருஷம் ஆடியிருக்கேன். ஆனா ஜெயன் கள்ளம் பறயுற ஆளில்ல.”

அன்று இரவு ராகேல் மட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சந்தேகத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதிப் பாதிதான் பெரிதாக நின்றது. அவன் சொன்னது மெய்யென்றால், அவள் கண்டிராத ஓர் அதிசயத்தை அவன் தினமும் கண்டிருக்கிறான். பொய்யென்றால், தன்னைவிட்டு விலகியிருக்க ஒரு கதை கட்டியிருக்கிறான். இரண்டில் எது? சாட்சி சொல்ல உலகத்தில் ஒருவரும் இல்லை. தன் கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் வழி.

அடுத்த வாரம் சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக அந்தச் சிமெண்ட் தளத்தில் போய் நின்றாள்.

குடியிருப்புப் பெண்கள் மாடியில் துணி எடுப்பதுபோல வந்து பார்த்தார்கள். அலுவலகத்தில் அவளுக்கு அடுத்த இருக்கையில் இருந்த பூமாரிக்கு அது பெரிய விருந்து. பூமாரி அம்பாசமுத்திரத்துக்காரி, கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள்.

“ஏக்கா, நேத்து மூணு பந்தை மதிலுக்கு அங்கிட்டு அடிச்சியளாமே. கெணத்துல ஒண்ணு மிதக்குதாம். தண்ணி எறைக்கிறவுக திட்டுதாக.”

“திட்டட்டும்.”

“அந்த பந்துக்கு உங்களைக் கண்டாலே ஆகலபோல.”

அது உண்மைதான். மட்டைக்கும் பந்துக்கும் ஒட்டவே இல்லை. விளிம்பில் பட்டுத் தெறித்தது. பிடியில் பட்டுக் கையை நோகடித்தது. பல சமயம் படவே இல்லை. வலைக்கு அப்பால் நின்று வேலாயுதன் ஒரே மந்திரத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பந்தை நோக்கு. வேற ஒண்ணும் வேண்டாம். பந்தை நோக்கு.”

“நோக்கத்தானே செய்யுதேன், அண்ணா.”

சத்தியமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். வலையைத் தாண்டி வருவது தெரியும். தரையில் விழுவது தெரியும். எழும்புவதும் தெரியும். அதற்குமேல் ஒரு மஞ்சள் பூச்சு, ஒரு சத்தம், அவ்வளவுதான். நிற்பதாவது? பந்து அவளைக் கண்டதும் மறைந்துபோனது. மாதங்கள் ஓடின. பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு, ஜெயன் பொய்தான் சொன்னான் என்று சொல்லிப் பார்ப்பாள். அப்படிச் சொன்னதுமே அவன் இரண்டாம் முறை செத்ததுபோல நெஞ்சு பதறும். மறுநாள் மறுபடி போவாள்.

அவள் கண்ணைத் திறந்துவிட்டவள் பூமாரிதான், அதுவும் தனக்கே தெரியாமல். ஒரு மதியம், பிரித்துக்கொண்டிருந்த ராகேலின் தோளைத் தட்டினாள்.

“யக்கா, இப்ப எறிஞ்சியளே ஒரு கவரு, அதுல ஒட்டியிருந்தது பட்டாம்பூச்சி ஸ்டாம்பா?”

“எது?”

“இப்பத்தான், கைய விட்டுப் போச்சே. கொல்லத்துக்கு.”

கொல்லம் என்பது ராகேலுக்குத் தெரிந்திருந்தது. கவர் என்ன நிறம், எந்தத் தபால்தலை, தடியா மெலிசா, ஒன்றும் தெரியவில்லை. கொல்லத்து அறையின் கறுத்த வாய்தான் கண்ணில் நின்றது.

“நான் பாக்கல, பூமாரி.”

“கையிலதான வச்சிருந்தியளே!”

ராகேல் எறிவதை நிறுத்தினாள். அடுத்த கடிதத்தை எடுத்துத் தன்னைத் தானே ஒற்றுப் பார்த்தாள். கடிதம் விரலை விட்டுப் போகும்போது கண் அதில் இல்லை. எப்போதோ அறைக்குப் போய்விட்டது. தளத்திலும் அதுதானே நடக்கிறது? பந்து வருகிறது, எங்கே அடிப்பது என்று தீர்மானிக்கிறாள், அந்தக் கணமே கண் வலைக்கு அப்பால் அந்த இடத்துக்கு ஓடிவிடுகிறது. பந்து மட்டையைத் தொடும்போது அங்கே கைதான் இருக்கிறது, அவள் இல்லை. அவளுக்குச் சோறு போடும் கண்தான் அவளுக்கு அதிசயத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலை வேலாயுதனிடம் சொன்னாள். “அண்ணா, இன்னைக்கு நான் அடிச்ச பந்து எங்க விழுந்துதுன்னு பாக்கமாட்டேன். நீங்க சொல்லுங்க.”

“பாக்காம எப்படி ஆடுறது?”

“அடிச்ச எடத்தையே பாத்துட்டு நிப்பேன். பந்து போனாலும் நிப்பேன்.”

சொல்வது எளிதாக இருந்தது. அடித்த பந்து எங்கே போயிற்று என்று பார்க்காமல் நிற்பது, கூட்டத்தில் கைப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு நிற்பதுபோல இருந்தது. கழுத்து தானாகத் திரும்பும். அதை இழுத்துப் பிடித்து, பந்து இருந்த வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்தப் பக்கம் தரையில் தட்டும் ஓசை கேட்ட பிறகுதான் தலையைத் தூக்குவாள். “வெளிய,” என்பார் வேலாயுதன். பிறகு, “வலையில.” பிறகு ஒருநாள் ஆச்சரியத்தோடு, “உள்ளதான்.” மட்டையின் நடுவில் பந்து படும் அந்தக் கனத்த ஓசை அவள் காதுக்குப் புதிது.

ஆனால் கண்ணுக்குச் சொல்லிக்கொடுத்த பாடத்தைக் கண் அலுவலகத்துக்கும் கொண்டுபோயிற்று. இப்போது கடிதம் விரலை விட்டுப் போகும்வரை பார்த்தாள். தபால்தலை தெரிந்தது, யாரோ அவசரத்தில் ஒட்டிய பசை தெரிந்தது, நடுங்கும் கையெழுத்து தெரிந்தது. அறையைத் தேட நேரமானது. அவள் முன்னால் கட்டுகள் குவிந்தன. ஒரு மாலை ரயிலுக்கு ஒரு பை தாமதமாகிவிட்டது. தலைமைப் பிரிப்பாளர் லிங்கராஜ் வந்து நின்றார். வேலை அவளுக்கு வாரிசாக வந்தது. திருப்பி வாங்கமாட்டார்கள்தான். ஆனால் வேகமில்லாதவர்களைத் தொலைவான ஊருக்கு மாற்றுவது அங்கே வழக்கம். மாற்றிவிட்டால் தளம் ஏது, பந்து ஏது?

“என்ன ராகேல், கைக்கு என்ன வந்துச்சு?”

அவள் அடுத்த கட்டைப் பிரித்தாள்.

லிங்கராஜ் குவியலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “ஒம் மாப்பிள்ளையும் ஒரு சமயம் இப்படித்தான் ஆனான். இந்த வரிசையிலேயே ஒண்ணாம் நம்பரா இருந்தவன், திடீர்னு ஒவ்வொரு லெட்டரையும் பொண்ணு பாக்குற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தான். டாக்டர்கிட்ட கண்ணைக் காட்டச் சொன்னேன். என்ன காரணம்னு கடைசிவரை சொல்லலை. பொறவு தானா சரியாயிட்டு.”

அன்றைக்கு ராகேல் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அது துக்கமில்லை. காட்டில் தனியாக நடப்பதாக நினைத்தவளுக்கு, ஈர மண்ணில் முன்னால் போன ஒருவனின் காலடி தெரிந்தால் வரும் அழுகை. அவனும் இதே அலமாரியின் முன்னால் இதே திணறலில் இருந்திருக்கிறான். அப்படியென்றால் அந்தப் பாதையின் கடைசியில் ஏதோ இருக்கிறது.

அவனுக்குச் சரியானதுபோல அவளுக்கும் மெல்ல மெல்லச் சரியாயிற்று. அலமாரி முன்னால் உட்கார்ந்தால் கண் முன்னே ஓடும். வெள்ளைக் கோடு போட்ட தளத்தில் நின்றால் பின்னே தங்கும். ஒரே முகத்தில் இரண்டு ஜோடிக் கண்களை வைத்துத் தைத்தவனை நினைத்து அவள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அசந்துபோய் உட்கார்ந்திருப்பாள்.

துலா மாதத்து ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலை. தளத்தில் ஆங்காங்கே தண்ணீர் தேங்கியிருந்தது. வேலாயுதன் விளக்குமாற்றால் தள்ளிவிட்டு, “பந்து முழுக்க நனஞ்சுபோச்சு. இன்னைக்கு இது மதியா, நிறுத்திருவோமா?” என்றார்.

“கொஞ்சம் ஆடுவோம், அண்ணா.”

மேற்கே மேகம் கிழிந்து மஞ்சள் வெயில் தாழ்வாக வந்து விழுந்தது. வேலாயுதன் பந்தை அடியிலிருந்து சீவி அனுப்பினார். அது வலையைத் தாண்டி, விழுந்து, எழும்பியது. ராகேல் எங்கே அடிப்பது என்று நினைக்கவில்லை. நினைக்காமல் இருக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. பார்த்தாள்.

பந்து வந்தது. வந்துகொண்டே இருந்தது. அவசரமே இல்லாமல் வந்தது. அதைச் சுற்றி ஒரு வளையம் இருந்தது. முதலில் என்னவென்று புரியவில்லை. சுழலும் பந்திலிருந்து தண்ணீர்த் துளிகள் தெறித்து, வெயிலில் ஒவ்வொன்றும் தனித்தனியாக எரிந்தன. வளையத்தின் நடுவே நனைந்த மஞ்சள் ரோமம் படிந்திருந்தது. ரோமத்தின் ஊடே அந்த வெள்ளைக் கோடு, ஆற்றின் திருப்பம் போல வளைந்து, புரண்டு, மறுபடி வளைந்து போயிற்று. அது நின்றதா? நகர்ந்ததா? நகர்ந்துகொண்டே நின்றது. வேறெப்படிச் சொல்வதென்று அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. கிணற்றடிச் சத்தம் இல்லை, மதில் இல்லை, வேலாயுதன் இல்லை, அவளே இல்லை. உலகத்தில் அவ்வளவு நேரமும் ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று ஓய்ந்து, அந்த நிசப்தத்துக்குள் ஒரு பந்து மட்டும் இருந்தது.

கனத்த ஓசை. அவள் வெற்று இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“உள்ளதான்,” என்றார் வேலாயுதன். “ஓரத்துக் கோட்டுலேயே.” அவள் தலையைத் தூக்காததைக் கண்டு வலையருகே வந்தார். “தங்கச்சி? என்ன ஆச்சு?”

“நின்னுது, அண்ணா.”

அவர் முகம் மாறியது. மட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “சத்தியமா உள்ளதா?”

“உள்ளதுதான்.”

“கோடும் கண்டியா?”

தலையாட்டினாள். வேலாயுதன் ஒரு பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு, சபையில் பேசுவதுபோல மெதுவாக, “இன்னொண்ணு போடட்டுமா?” என்று கேட்டார். போட்டார். ஒன்று நின்றது, நாலைந்து நிற்கவில்லை, மறுபடி ஒன்று நின்றது. வெளிச்சம் முழுக்க வடியும்வரை ஆடினார்கள்.

மதிலோரம் உட்கார்ந்து ஷூவின் கயிற்றை அவிழ்க்கும்போதுதான் ராகேலுக்கு அது உறைத்தது. இவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட ஜெயனை நினைக்கவில்லை. கை நின்றுவிட்டது. அவனுக்காகவே வந்தவள், அவனுக்காகவே இத்தனை மாதம் அடிபட்டவள், அவனை அடியோடு மறந்திருந்தாள். முதலில் பயமாக இருந்தது. அவன்மேல் இருந்த பிரியத்தில் ஏதாவது குறைந்துவிட்டதா என்று நெஞ்சுக்குள் தேடிப் பார்த்தாள். ஒரு பொட்டுக்கூடக் குறையவில்லை. முன்னைவிடக் கூடித்தான் இருந்தது.

அப்படியானால் அவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும். பந்து நின்ற அந்த நொடியில் அவள் இருந்திருக்கமாட்டாள். அதற்குப் பிறகு பஸ் பிடித்து, ஈரச் சட்டையோடு, அத்தனை பிரியத்தையும் சுமந்துகொண்டு அவளிடம்தான் வந்திருக்கிறான்.

அவள் மனத்தில் அத்தனை காலம் நடந்த வழக்கு அங்கே, பாசி படிந்த அந்த மதிலடியில் முடிந்தது. யாருக்கும் தண்டனை இல்லை.

“நேரம் ஆயிட்டு. ஓடினா பஸ்ஸு கிட்டும்,” என்றார் வேலாயுதன்.

“அடுத்த பஸ்ல போறேன். நாளைக்கு வருவீங்கல்லா, அண்ணா?”

“மழை பெஞ்சா?”

“பெய்யட்டும். நனஞ்ச பந்துதான் நல்லாத் தெரியுது.”