வெறும் தட்டோடு ஒரு மதியச் சாப்பாடு

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு நான் இரண்டாம் தடவை மதியச் சாப்பாட்டுக்கு உட்காருவேன். பாரிசில் இருக்கும் மகளுக்கு அப்போது பன்னிரண்டரை. மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர் எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து, தண்ணீர்ப் போத்தலில் தொலைபேசியைச் சாய்த்துவைத்து, பிரெஞ்சில் "பொனப்பெத்தி" என்பார்கள். வெள்ளவத்தையில் இருந்து நானும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அங்கே கரண்டி அசையும்.

அர்த்தத்தை முதல் நாளே கேட்டேன். "நல்லாப் பசிச்சு, ருசிச்சுச் சாப்பிடுங்கோ எண்டு சொல்லுறது அப்பா. எல்லாரும் வந்து இருக்க முந்தி ஒருத்தர் தொட்டா மரியாதையில்லை," என்றாள். ஆனால் அவளுடைய மேலதிகாரி வீட்டு விருந்தில் இதைச் சொன்னபோது ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். பெரிய இடங்களில் வயிற்றைப் பற்றிக் கதைப்பது அழகில்லையாம். நல்ல கூத்து. அவளுடைய அம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் "போட்டாச்சு, வாங்கோ" என்பதோடு சரி. வந்தவர் வந்தபடி சாப்பிடுவோம்.

சீனி வருத்தக்காரனுக்கு நல்ல பசி ஒன்றும் ஆசீர்வாதமில்லை. பன்னிரண்டரைக்கு நீரிழிவுக் குளிசை போட்டால் ஒரு மணிக்குச் சோறு உள்ளே போக வேண்டும். தவறினால் கை நடுங்கும். ஆகவே வீதிக் கடைச் சோற்றுப் பார்சலை நேரத்துக்கே முடித்துவிட்டு, நாலு மணிக்கு வெறும் தட்டை வைத்துக்கொண்டு மெல்லுவதுபோல் வாயை அசைப்பேன். தொலைபேசியை முகத்துக்கு நேரே வைத்தால் தட்டுத் தெரியாது. எழுபத்திரண்டு வயதில் இந்த நாடகம் எனக்கு அலுத்துவிட்டது. ஆனால் வாரத்தில் நான் ஆட்களோடு இருந்து சாப்பிடுவது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். உண்மையைச் சொன்னால் அதையும் நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு, பாமன்கடையில் ஒரு செத்த வீட்டுக்குப் போய் வெயிலில் நடந்து வந்தேன். முழுகி, சாப்பிட்டு, படுத்தவன்தான். எழும்பியபோது ஆறு மணிக்குக் கிட்ட. செத்த வீட்டில் நிறுத்திய தொலைபேசிச் சத்தத்தைத் திரும்பப் போட மறந்திருந்தேன். பதினொரு தவறிய அழைப்புகள்.

பதறிக்கொண்டு மகளுக்கு எடுத்தேன். பேத்தியின் முகம் தெரிந்தது. பின்னால் மேசையில் சோறும் கறியும் மூடியபடி.

"அம்மப்பா, நாங்கள் இன்னும் சாப்பிடேல்ல."

மகள் தொலைபேசியை வாங்கினாள். அழுதிருந்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "நித்திரையாப் போனன் பிள்ளை. இப்பதான் சோறு போடப்போறன்," என்று அப்போதும் பொய்தான் சொன்னேன்.

"நீங்கள் ஒரு மணிக்கே சாப்பிட்டிடுவியள் எண்டு எனக்கு எப்பவோ தெரியும் அப்பா," என்றாள். "உங்கட தட்டையோ நான் பாக்கிறன்? உங்கட குரலைக் கேட்டாத்தான் எனக்குச் சோறு இறங்கும். சொல்லுங்கோ, பிள்ளையளுக்குப் பசிக்குது."

"பொனப்பெத்தி" என்றேன். ஆறிய கறியின் மூடியை மருமகன் திறந்தார்.