கண்ணை மூடிப் பறந்தவர்

தேனியிலிருந்து கம்பம் போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவருக்கு முப்பது வயது இருக்கும். ஒட்ட வெட்டிய முடி, கசங்காத சட்டை. கண்ணை மூடிக்கொண்டு, எதிரே இல்லாத சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தொடுவதுபோல் கையை அசைத்துக்கொண்டே வந்தார். நான் சற்றுத் தள்ளி உட்கார்ந்தேன்.

சின்னமனூரில் கண் திறந்து சிரித்தார். "பயந்துட்டீகளாண்ணே? நான் பைலட். சுற்றுலா சீசனுக்கு மட்டும் பறக்குற கம்பெனி. இப்ப ஆறு மாசம் வீட்டுலதான். கை மறந்துறக் கூடாதுல்ல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுபோன்ற கம்பெனியில்தான் என் மகளுக்கும் பைலட் வேலை கிடைத்திருந்தது. பாதி வருஷ வேலை ஒரு வேலையா என்று நான்தான் சம்மதிக்காமல் இருந்தேன்.

"திரும்பக் கூப்பிடுவாகளா தம்பி?"

"மொத வருசம் எனக்கும் அந்தப் பயம்தாண்ணே. கூப்பிட்டாக. ஆனா போனதும் பரீட்சை வைப்பாக. அதுக்குத்தான் வீட்டுச் செவுத்துல சுவிட்ச் படத்த ஒட்டி தெனமும் பழகுறேன். சீசன்ல ஒரே தீவுக்கு நாளுக்கு நாலு தடவ போகணும், இடுப்பு ஒடிஞ்சிரும். ஆனா லீவுக்குப் போற சனம் பாருங்க, பூராப் பேரும் சிரிச்சுக்கிட்டே ஏறுவாக."

உத்தமபாளையத்தில் இறங்கி கோம்பை பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

என் வீட்டுச் சுவரிலும் அப்படி ஒரு படம் இருந்தது. புதுப் பெயிண்ட் பாழாகிறது என்று போன வாரம் நான்தான் அதை எடுக்கச் சொன்னேன். வீட்டுக்குப் போனதும், மகள் சுருட்டி வைத்திருந்ததைப் பிரித்து நானே பசை தடவி ஒட்டினேன்.

"அப்பா, தலகீழா ஒட்டிட்டீக" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

எது மேல் பக்கம் என்று அந்தக் கோம்பைக்காரரிடம் கேட்டிருக்கலாம்.