இத்தாவில் வாங்கிய ஒப்பம்

அட்டாளைச்சேனைப் பஹ்மிதா எதையும் எளிதில் நம்பமாட்டாள். பிஸ்கட் பக்கெட்டைக்கூடத் திகதி பார்த்துத்தான் உடைப்பாள். சட்டப் பரீட்சை பாஸாகி, கல்முனையில் கம்பனி ஒப்பந்தங்கள் பார்க்கும் சட்ட நிறுவனமொன்றில் பயிலுநராகச் சேர்ந்தாள். ஆறு மாதம் முடிந்து, தலைவர் காலிதீன் சேர் கடிதம் கொடுத்தால்தான் சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்யலாம்.

ஐந்தாம் மாதம் சேர் ஒரு குத்தகை உறுதிப் பத்திரத்தை மேசையில் போட்டார். இறக்காமத்தில் ஐந்தே கால் ஏக்கர் வயலை அரிசி ஆலைக் கம்பனியொன்று முப்பது வருடத்துக்கு எடுக்கிறது. காணிக்காரி பஸ்லியாவின் ஒப்பம் இருந்தது. முதற்சாட்சியாக எழுதுவினைஞர் ஒப்பமிட்டிருந்தார். இரண்டாம் சாட்சியாகப் பஹ்மிதா ஒப்பமிட வேண்டும். பஸ்லியாவை அவள் கண்ணால் கண்டதில்லை.

தான் சாகும்வரை அனுபவிக்கும் உரிமையை வைத்துக்கொண்டு கணவன் அவளுக்கு எழுதிக் கொடுத்த காணி என்பதால், அவனுடைய மரணச் சான்றிதழும் இணைக்கப்பட்டிருந்தது. பஹ்மிதா மரணத் திகதியையும் ஒப்பமிட்ட திகதியையும் பார்த்தாள். இடையில் பத்தொன்பது நாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் இத்தாவில் வீட்டோடு இருக்கும் ஊரில், பத்தொன்பதாம் நாள் ஒருத்தி நிறுவனத்தின் கந்தோர் மாடிப்படி ஏறி, ஆண்களுக்கு முன்னால் இருந்து ஒப்பமிட்டாளாம். உறுதி அப்படித்தான் சொன்னது.

கணவனின் தம்பி றிம்சான்தான் உறுதியை அவள் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒப்பம் வாங்கி வந்தார், எல்லோரும் செய்வதுதான் என்றார் சேர்.

“நான் பாக்கல்லயே சேர்.”

“பாத்ததாத்தான் எழுதியிருக்கு. வை புள்ள.”

நாளைக்கு வைக்கிறேன் என்று சொல்லிவிட்டு அவள் இறக்காமத்துக்கு பஸ் ஏறினாள். பெண் என்பதால் கதவு திறந்தது. பேங்க் படிவம் என்று மச்சான் றிம்சான் சொன்னதாகவும், கதவிடுக்கால் கையை நீட்டி ஒப்பம் வைத்ததாகவும் பஸ்லியா சொன்னாள். ஒரு பெண் வெளியே வந்து கேட்கமாட்டாள் என்ற தைரியத்தில் முப்பது வருடத்தை எழுதிக்கொண்ட படித்த மனிதர்கள்! வெள்ளிக்கிழமைகளில் இவர்கள் முன்வரிசையில் தொழுகிறார்கள்.

மறுநாள் தன்னால் ஒப்பமிட முடியாது என்று பஹ்மிதா சொன்னாள். அப்படியானால் கடிதத்தை மறந்துவிடச் சொன்னார் சேர். அவள் படியிறங்கு முன்பே கந்தோர் டிரைவரைக் கூப்பிட்டு இரண்டாம் சாட்சியின் இடத்தில் ஒப்பம் வாங்கினார்கள்.

பஸ்லியாவுக்கு அறிவிக்காமல் குத்தகையைப் பதியக்கூடாதென்று அவள் பெயரில் காணிப் பதிவகத்துக்கு ஓர் ஆட்சேபம் எழுதி, பின்னேரமே பஹ்மிதா மீண்டும் இறக்காமம் போனாள். பஸ்லியா கடதாசியைத் தொடவில்லை.

“நீயும் அவங்கட கந்தோர்லதானே வேல செய்றாய்?”

“செஞ்ச. இண்டைக்கு விட்டுட்டன்.”

“அதை நான் எப்பிடி நம்புற?”

பஹ்மிதா கடதாசியை அவள் பக்கம் நகர்த்தினாள். “நம்ப வேணாம் ராத்தா. வாசிங்க” என்றாள்.

பஸ்லியா எழுத்தெழுத்தாக வாசித்தாள். ஒரு மணித்தியாலம் போனது. ஓரிடத்தில் விரல் நின்றது. பஹ்மிதா அவசரத்தில் ஐந்து ஏக்கர் என்று எழுதியிருந்தாள்.

“என்ட கால் ஏக்கர் எங்க புள்ள?”

பஹ்மிதா வெட்கத்தோடு திருத்தினாள். பஸ்லியா திரும்பவும் முதல் வரியிலிருந்து வாசித்துவிட்டுத்தான் பேனாவைக் கேட்டாள்.

மறுநாள் காலை பதிவகம் ஆட்சேபத்தை ஏற்றது. பஹ்மிதா இப்போது அக்கரைப்பற்றில் வேறொரு சட்டத்தரணியிடம் பயிற்சியை முதலாம் மாதத்திலிருந்து தொடங்கியிருக்கிறாள்.