அழித்துவிட்ட விடைகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் நடந்தது இது. அப்போது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன்.

தமிழ் எழுதத் தடுமாறிய நாலு பிள்ளைகளைத் தினமும் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பேன். அவர்களில் ஒருத்தி பொல்பிட்டிய பக்கம் சிங்களப் பாடசாலையில் படித்து வந்தவள். அப்பா இறந்ததும் அம்மா பிள்ளைகளோடு எங்கள் தோட்டத்து வரிசைவீடுகளில் இருந்த தாய்வீட்டு லயத்துக்கே திரும்பிவிட்டார். தமிழில் வாயாடுவாள். எழுத்துக் கூட்டி வாசிக்கவும் செய்வாள். எழுதத்தான் வராது. கேள்வியை நான் வாசித்துக் காட்டினால் சிங்களத்தில் டக்கென்று விடை எழுதிவிடுவாள். பரீட்சையிலும் அப்படியே செய்ய பாடசாலை அதிபர் அனுமதி கொடுத்திருந்தார்.

தவணைப் பரீட்சை அன்று பார்த்து ஒரு கல்வி அதிகாரி வருவதாகச் செய்தி. எனக்குள் ஓர் அற்ப ஆசை. சில மாதங்களிலேயே இவளைத் தமிழில் எழுத வைத்துவிட்டேன் என்று அவரிடம் பேர் வாங்க வேண்டும்.

"இன்னைக்கு நீயே வாசிச்சு எழுது. சிங்களத்துல ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது, சரியா?" என்றேன். பாவம், தலையாட்டினாள்.

அதிகாரி எடுத்துப் பார்த்தது அவள் தாளைத்தான். பேரைத் தவிர ஒன்றுமில்லை.

"என்ன டீச்சர் இது?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். என் நாக்கில் சனி. "மந்தமான பிள்ளை சார். எவ்வளவு சொன்னாலும் மண்டையில ஏறாது" என்றேன். அவள் பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. மழை என்று நினைத்துக்கொண்டேன். நாலாம் நாள் தாள் திருத்தும்போது, அவள் தாளில் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பாதிக் கேள்விகளுக்குச் சிங்களத்தில் விடை எழுதி, எல்லாவற்றையும் அழித்திருக்கிறாள். அத்தனையும் சரி.

தாளை எடுத்துக்கொண்டு அன்று பின்னேரமே லயத்துக்குப் போனேன். அவள் அம்மா கொழுந்து பறித்துவிட்டு மலையிலிருந்து நனைந்து வந்து, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தப்பு என்னுடையது, பிள்ளையை அனுப்புங்கள் என்று கெஞ்சினேன்.

"இப்ப வந்து சொல்லி என்னாங்க டீச்சர்? படிச்ச நீங்களே ஏறாதுன்னுட்டீங்க, நாங்க என்னத்த கண்டோம்? வீட்டுல கெடந்து தம்பிய பாத்துக்கிடட்டும்."

பிள்ளையிடம் தாளை நீட்டினேன். "நீ எழுதுனது எல்லாம் சரிடா தங்கம்" என்று தமிழிலும் சொன்னேன், சிங்களத்திலும் சொன்னேன். அவள் தாளைத் தொடவே இல்லை.

"இல்ல டீச்சர். எனக்கு ஏறாது."

தம்பியை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அதிபரும் நானும் எத்தனையோ தடவை போய்க் கூப்பிட்டோம். வரவேயில்லை. இப்போதெல்லாம் எந்த அதிகாரி வந்து நின்றாலும், எழுதத் தடுமாறும் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வியை வாசித்துக் காட்டுகிறேன். ஆனாலும் நான் சொன்னவற்றிலெல்லாம் அவள் முழுசாக நம்பி மனதில் ஏற்றிக்கொண்டது அந்த ஒரு பொய்யைத்தான்.