காந்தத்தைப் புரட்டிய கை

போன ஞாயிறு சேர்ச் முடிந்து வந்ததுமே சாப்பாட்டு மேசை முழுக்க வயர்கள். என் மனைவி ஸ்டெல்லா எஹலியகொடயில் பிசிக்ஸ் டீச்சர். சனிக்கிழமைகளில் கொழும்புக்குப் போய் எம்.எஸ்ஸி. படிக்கிறாள். வெளியே ரப்பர் மரங்களின் மேல் மழை. எனக்குப் பாதிக் கண் சொருகியிருந்தது.

மேசையில் நான்கு கால் வைத்த சின்னஞ்சிறு செமிகண்டக்டர் துண்டு. மேலே ஒரு காந்தம். இரண்டு காலில் கரண்ட் விட்டால் காந்தம் அதைப் பக்கவாட்டில் தள்ள, மற்ற இரண்டு காலில் வோல்டேஜ் வரும். ஹால் விளைவு என்கிறார்கள். சாதாரண சர்க்கிட்டில் கொடுக்கும் இடத்தையும் எடுக்கும் இடத்தையும் மாற்றினாலும் அதே ரீடிங்தான். இதிலோ பிளஸ் மைனஸாகிவிடும். போகும்போது ஒரு நியாயம், வரும்போது வேறு நியாயம்! இதை வைத்து, போன சிக்னல் திரும்பி வராத சர்க்கிட் செய்யலாமாம்... அரைத் தூக்கத்தில் கேட்க எவ்வளவு அழகாக இருந்தது!

ஆனால் மூன்று வாரமாக மைனஸ் வரவில்லை. திங்கட்கிழமைக்குள் வராவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார் பேராசிரியர். ஒரு வருட உழைப்பு.

“இப்பவும் பிளஸ்தாங்க...” குரல் உடைந்தது. எனக்குத் தூக்கம் போய்விட்டது.

“சரி, இன்னொருக்கா செய். நான் பாக்குறேன்.”

காந்தத்தை எடுத்தாள். வயர்களை மாற்றினாள். காந்தத்தைத் திரும்ப வைத்தாள் — புரட்டி!

“ஏன் புரட்டுற?”

“நான் எங்கங்க புரட்டினேன்?”

பள்ளி லீவு நாளெல்லாம் தோட்டத்துப் புகைக்கூடத்தில் அம்மாவோடு ரப்பர் ஷீட் காயப்போட்டவள் அவள். எடுத்த ஷீட்டைப் புரட்டித்தான் திரும்பப் போட வேண்டும். இல்லாவிட்டால் அது தொங்கும் கம்பின் தடம் விழும். சோப்பு, சீப்பு, என் மூக்குக் கண்ணாடி — இன்றும் எதை எடுத்தாலும் அவள் புரட்டித்தான் வைப்பாள். கை இன்னும் புகைக்கூடத்தில்தான் நிற்கிறது.

வயரையும் காந்தத்தையும் சேர்த்து மாற்றினால் மைனஸ் மறுபடி பிளஸாகி, எதுவுமே மாறாத மாதிரித் தெரியும். வீட்டுச் சண்டைகளும் இப்படித்தானோ? இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விட்டுக்கொடுத்துவிட்டு, யாருமே இறங்கி வரவில்லை என்று முறைத்துக்கொண்டிருக்கிறோம்.

காந்தத்தை டேப் போட்டு ஒட்டினோம். மைனஸ் வந்தது! ஒரு மைனஸைப் பார்த்து அழுதவளை அன்றுதான் பார்த்தேன். பழைய ரீடிங் தாள்களைக் கிழிக்கப் போனாள். “இருக்கட்டும்” என்றேன்.

திங்கட்கிழமை பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி: “காந்தத்தையும் சேர்த்துத் திருப்பினால் என்ன ஆகும்?”

ஸ்டெல்லா மூன்று வாரத் தாள்களையும் எடுத்து அவர் மேசையில் வைத்தாளாம் — புரட்டித்தான்.