மாதாவைப் பிடித்து வைத்த லார்ச் பலகை

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் ஒக்டோபர் வந்தால் செபமாலை மாதா வீடு வீடாக வருவார். ஒரு வீட்டில் ஒரு நாள். மறுநாள் மாலை ஆறு மணிக்கு அடுத்த வீட்டுக்காரர் மெழுகுதிரியோடு வந்து மாதாவின் சிலையான சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு போவார்.

அந்த வருடம் எங்களுக்கு அடுத்த முறை எதிர்வீட்டு அக்காவுக்கு. அவருடைய கணவருக்குப் பொரளை ஆஸ்பத்திரியில் வயிற்று ஒப்பரேஷன். மாதா அவர்கள் வீட்டுக்குப் போகும் இரவு விடிந்தால் வெட்டு. “அண்டைக்கு இரவு மாதா என்ர வீட்டில இருந்தாலே காணும் தம்பி, நான் பயப்பிடமாட்டன்” என்று என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் அப்போது துறைமுகத்து வேலைத்தலமொன்றில் கிளார்க். ஐரோப்பாவிலிருந்து மெஷின் வந்த பக்கிஸ் மரப்பெட்டியைப் பிரித்தபோது, உள்ளே செம்மண் நிறத்தில் பலகைகள். எங்கள் தச்சு மேஸ்திரி பாஸ், சிங்களவர், கப்பலில் ஓடியவர். என்னைச் சிங்களத்தில் ‘மல்லி’, தம்பி, என்பார். மோந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது லார்ச், மல்லி. பனி நாட்டு மரம். பைன் சாதிதான், ஆனா குளிர் வந்தா இலையெல்லாம் கொட்டிட்டு மொட்டையா நிக்கும். வள்ளம் கட்டுவாங்க. தண்ணிக்குள்ள நட்டாலும் லேசில உக்கி அழுகாது.”

“கறையான் தின்னாதா?”

“நம்ம கறையானுக்கு இன்னும் இத அறிமுகம் இல்ல.”

மேலும் சொன்னார்: சும்மா ஆணி அடித்தால் வெடிக்கும், முதலில் துளை போடு. சிலாம்பு ஏறும், கை கவனம். சூடு காட்டாதே, அழும். முதல் இரண்டையும் மனதில் வைத்தேன். மரம் அழுவதாவது!

வேலைத்தலத்துப் பெரியவரிடம் அனுமதித் துண்டு எழுதி வாங்கித்தான் பலகைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திருட்டுப் பலகையில் மாதாவுக்குப் பீடம் செய்ய முடியுமா? பெட்டிபோல ஒரு பீடம் செய்தேன். முன்பக்கத்தில் நட்சத்திரம் வெட்டி, உள்ளே பெரிய பல்பு ஒன்றும் மாட்டினேன். என் விரல்களிலிருந்து சிலாம்பு எடுத்து எடுத்து மனைவிக்கு ஊசியே மழுங்கிவிட்டது.

அவள் லேஸ் துணியைக் கொண்டுவந்தாள். நான் விடவில்லை.

“துணி போட்டா பலகையின்ர அழகு தெரியாது.”

“சனம் மாதாவைப் பார்க்க வருதா, உங்கட பலகையைப் பார்க்க வருதா?”

உண்மையைச் சொன்னால், எனக்கு இரண்டாவதுதான் முக்கியமாக இருந்தது. மாதா வந்து பீடத்தில் ஏறிய அன்றிரவு, பல்பின் சூட்டில் பலகையிலிருந்து சாம்பிராணி போல வாசம் எழுந்தது. “என்ன மரம்?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். மூன்றாவது ஆள் கேட்பாரா என்று பார்த்ததில் நான் செபமாலையில் ஒரு தேவரகசியத்தையே தவறவிட்டேன். பல்பு மறுநாள் மாலைவரை எரிந்தது.

ஆறு மணிக்கு அக்கா வெள்ளை முக்காட்டோடு வந்தார். நானும் பக்கத்து வீட்டு மீன்காரரும் சுரூபத்தைத் தூக்கினோம். வரவில்லை. இன்னும் கொஞ்சம் தூக்கினோம். பீடமும் சேர்ந்து எழும்பியது.

“ஐயோ, மாதா போகமாட்டன் எண்டுறா!” என்று பின்னால் ஒரு குரல். என் மனைவி அப்படியே முழந்தாளில் விழுந்தாள். வாசலில் பாட்டுத் தொடங்கிவிட்டது. எங்கள் வீட்டில் புதுமை, அற்புதம்! மன்னிக்க வேண்டும், ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்போது அக்கா மெதுவாகக் கேட்டார். “தம்பி, போன கிழமை நான் அவரோட சண்டை பிடிச்சனான். சாப்பாடும் குடுக்கேல்ல. அதாலயோ மாதா வரமாட்டன் எண்டுறா?”

சுரூபத்தின் அடியில் விரலை விட்டுப் பார்த்தேன். தேன்போல ஒட்டியது. பாஸ் சொன்ன அழுகை இதுதான்.

“பாட்டை நிப்பாட்டுங்கோ. இது புதுமை இல்ல, பிசின். என்ர பலகை, என்ர பல்பு, என்ர பெருமை. மாதாவுக்கு ஒரு சம்பந்தமும் இல்ல.”

மனைவி விழுந்த வேகத்திலேயே எழும்பினாள். “துணி போடுங்கோ எண்டு சொன்னனான்!”

மண்ணெண்ணெய் ஊற்றலாம் என்றார் ஒருவர். வர்ணம் போய்விடும். கத்தியால் நெம்பினால் சாந்துச் சுரூபம் உடையும். சூட்டுக்கு இளகினது குளிருக்கு இறுகும்தானே என்று யோசித்தேன். பனி நாட்டு மரத்துக்குப் பனியையே கொடுத்துப் பார்ப்போம்! பல்பை அணைத்துவிட்டு மீன்காரரைப் பார்த்தேன்.

“பெட்டியில ஐஸ் மிச்சம் இருக்கா, அண்ணை?”

“இருக்கு. ஆனா தம்பி, அதில காலமை முழுக்கப் பாரை மீன் கிடந்தது.”

“கொண்டாங்கோ.”

பாதத்தைச் சுற்றி ஐஸைக் கட்டிவிட்டு, எல்லோருமாகச் செபமாலையை மறுபடி தொடங்கினோம். தரையெல்லாம் தண்ணீர். செபமாலையின் நாலாம் பத்து மணிகளை உருட்டும்போது ‘டக்’ என்று ஒரு சத்தம். பிசின் கண்ணாடிபோல் இறுகி விட்டுவிட்டது.

மாதா மீன் வாசத்தோடு எதிர்வீட்டுக்குப் போனார். நான் வெட்கத்தோடு மன்னிப்புக் கேட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். “பரவாயில்ல தம்பி. மாதாவின்ர மகன்ர கூட்டாளிமார் எல்லாம் மீன்பிடிகாரர்தானே.”

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. இறைவனுக்கு நன்றி.

பாவசங்கீர்த்தனத்தில் என் பெருமையைச் சொன்னேன். பங்குச் சுவாமி பிராயச்சித்தமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். பிறகு, “அந்தப் பலகை தண்ணிக்கு உக்காது எண்டனீர், மிச்சம் இருக்கோ? கோயில் பக்கக் கதவின்ர அடி மழைக்கு உக்கிப் போச்சு” என்றார்.

எழும்பி நடமாடத் தொடங்கியிருந்த எதிர்வீட்டு அண்ணர் கதிரையில் இருந்தபடி பலகையைப் பிடிக்க, நான் துளை போட்டு ஆணி அடித்தேன். அந்தக் கதவு இன்னும் உக்கவில்லை. வெயில் நேரத்தில் அதில் சாய வேண்டாம் என்று மட்டும் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.